கொல்லைப்புற மூலிகைகள்: குளியலுக்கும் அடுப்புக்கும்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில், கர்நாடக எல்லையை ஒட்டி, கடல் மட்டத்துக்குச் சுமார் 3,000 அடி உயரத்தில் அமைந்திருப்பது ஓசூர்ப் பகுதி. 1970களில் இங்கு சிப்காட் தொழிற்பேட்டை ஏற்பட்டது முதல், கேழ்வரகும் கொள்ளும் விளைந்த மேட்டு நிலங்களின் நடுவே ஆலைகள் எழுந்தன. 2004ஆம் ஆண்டில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாயிற்று. 2019ஆம் ஆண்டில் ஓசூர் மாநகராட்சியாயிற்று. ஆலை வேலைக்குச் செல்லும் ஆண்களும் பெண்களும் பெருகினர். விடியுமுன் பேருந்துக்குப் புறப்பட வேண்டிய வீட்டில் சீயக்காய் இடிப்பதற்கும் ரொட்டி தட்டுவதற்கும் நேரம் ஏது? ஆகவே சோப்பும், சிறு உறைகளில் வரும் ஷாம்புவும், பொட்டலப் பிஸ்கட்டும் சிற்றூர்களின் பெட்டிக் கடை வரை வந்து சேர்ந்தன.

இவற்றை வாங்குவது குற்றமன்று. ஆயினும், பாட்டியார் காலத்தில் வேலியிலும் கிணற்றடியிலும் கிடைத்த பொருள்களுக்கு இன்று ஒவ்வொரு வாரமும் பணம் கொடுக்கிறோம். அதைவிடக் கவலைக்குரிய செய்தி ஒன்றுண்டு. மூலிகையில் மீண்டும் ஆர்வம் கொண்டோர் பலர், சாலையோரத்திலும் ஓடைக் கரையிலும் கண்ட இலையைப் பறித்து உடம்பில் தேய்க்கின்றனர். அடையில் சேர்த்து உண்கின்றனர். தொழிற்சாலைகள் சூழ்ந்த இப்பகுதியில் இது ஆபத்தான பழக்கமாகும். இன்ன செடி என்று அறிவது எவ்வளவு முக்கியமோ, அது எந்த மண்ணில் எந்த நீரை உண்டு வளர்ந்தது என்று அறிவதும் அவ்வளவு முக்கியம். இப்பாடத்தின் சாரம் அதுவே.

இடம் அறிந்து பறித்தல்

தென்பெண்ணை ஆறு கர்நாடகத்தில் நந்தி மலைப் பகுதியில் தோன்றி, பெங்களூர்ப் பக்கத்துக் கழிவுநீரையும் சுமந்துகொண்டு, ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணையை அடைகிறது. மழைக் காலங்களில் அந்த அணையின் மதகுகளில் வெண்ணுரை மலைபோல் பொங்குவதைப் பலரும் கண்டிருப்பர். சுத்திகரிக்கப்படாத சாக்கடை நீரும், ஆலைக் கழிவும், சலவைப் பொருள்களும் சேர்ந்ததன் விளைவு அது. அத்தகைய நீர் பாயும் வாய்க்கால் ஓரத்தில் பசுமையாகத் தழைத்திருக்கும் கீரையைக் கண்டு நாம் மயங்கிவிடலாகாது.

வல்லாரை, நீர்ப்பிரமி முதலிய ஈரநிலச் செடிகள், மண்ணிலும் நீரிலும் உள்ள ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களைத் தம்முள் சேர்த்துக் கொள்ளும் இயல்புடையவை. அவ்வாறு சேர்ந்தது கழுவினால் போகாது. உலர்த்தினாலும் வேகவைத்தாலும் குறையாது. ஆகவே ஆலைக் கழிவு வடியும் ஓடை, குப்பை கொட்டும் பள்ளம், வண்டிகள் இடையறாது செல்லும் நெடுஞ்சாலை ஓரம், பழைய பாட்டரி உடைக்கும் இடம் ஆகியவற்றில் வளர்ந்த எதையும் குளியலுக்கோ உணவுக்கோ பறித்தல் கூடாது.

இன்னொரு எச்சரிக்கை நம் பகுதிக்கே உரியது. ஓசூர் ரோஜா அயல்நாடுகளுக்கும் செல்லும் புகழ் பெற்றது. ஆனால் பசுமைக் குடில்களில் அலங்காரத்துக்காக வளர்க்கப்படும் அம்மலர்களுக்குப் பூச்சி மருந்தும் பூஞ்சாண மருந்தும் பலமுறை தெளிக்கப்படுகின்றன. அவை உண்பதற்காக வளர்க்கப்பட்டவை அல்ல. கழித்த பூக்கள் மலிவாகக் கிடைக்கின்றன என்று அவற்றைக் குளியல் மாவிலோ குல்கந்திலோ சேர்க்கக் கூடாது. மருந்து தெளிக்காமல் வீட்டில் வளர்த்த பன்னீர் ரோஜா இரண்டு செடி இருந்தால் ஒரு குடும்பத்துக்குப் போதும்.

மஞ்சள் தூளைப் பற்றியும் ஒரு சொல். நிறம் கூட்டுவதற்காக மஞ்சளில் ஈயக் குரோமேட் என்னும் நச்சுச் சாயம் கலக்கப்படுவதை வங்காள தேசத்தில் நடந்து 2019ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வுகள் எடுத்துக்காட்டின. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். கிழங்காக வாங்கியோ, வீட்டில் விளைவித்தோ, நாமே அரைத்துக் கொள்வது நலம்.

பெயர் அறிந்து நடுதல்

தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் பேசப்படும் ஊர்கள் இங்கே பல. ஒரு செடிக்கு மூன்று பெயர் வழங்குவதால் தவறு நேர்வது எளிது. தமிழில் கற்பூரவல்லி அல்லது ஓமவல்லி என்பது கன்னடத்தில் தொட்டபத்ரெ. நொச்சி கன்னடத்தில் லக்கி; தெலுங்கில் வாவிலி. வெட்டிவேர் கன்னடத்தில் லாவஞ்சம். ஆவாரை தெலுங்கில் தங்கேடு. சதகுப்பைக் கீரையைச் சந்தையில் சப்பசிகெ என்று கேட்டால்தான் பலருக்குத் தெரியும். முருங்கையோ கன்னடத்தில் நுக்கெ, தெலுங்கில் முனக.

பெயரை மட்டும் நம்பாமல், செடியை நன்கறிந்த மூத்தோரிடம் இலை, பூ, மணம் மூன்றையும் காட்டித் தெளிந்த பின்னரே நாற்று எடுக்க வேண்டும். வேலியில் அழகுக்காக வைக்கும் அரளி கொடிய நஞ்சு. அதன் பூவும் இலையும் உலர்ந்த சருகுகளோடு கலந்துவிடாதபடி, மூலிகை உலர்த்தும் இடத்துக்கு அருகே அரளியை வைக்கவே கூடாது.

அரை சென்ட் தோட்டம்

அரை சென்ட் நிலம் என்பது சுமார் 218 சதுர அடி. நால்வர் கொண்ட குடும்பத்துக்கு இவ்வளவே போதுமானது. அதில் நடத்தக்கவை வருமாறு:

1. வேலி ஓரத்தில் முருங்கை 1, கறிவேப்பிலை 1, செம்பருத்தி 1, நொச்சி 1.

2. வறண்ட மூலையில் ஆவாரை 2. இதற்கு நீர் மிகுதியாக வேண்டுவதில்லை.

3. நடுவில் துளசி 4, பன்னீர் ரோஜா 2, கற்பூரவல்லி 2, மரிக்கொழுந்து ஒரு சிறு பாத்தி.

4. பகுதி நிழலில் கஸ்தூரி மஞ்சள் 10 கிழங்குத் துண்டுகள். வைகாசி, ஆனி மாதங்களில் நட்டால், இலை காய்ந்து சாயும் தை, மாசியில் தோண்டலாம்.

5. கிணற்றடியிலோ குளியலறை ஓரத்திலோ வெட்டிவேர் 6 தூர். மண் நிரப்பிய சாக்குகளில் வளர்த்தால் வேரை அறுபடாமல் எடுக்கலாம். சுமார் 15 முதல் 18 மாதங்களில் வேர் முதிரும்.

6. சமையலறைப் பக்கம் சதகுப்பைக் கீரை, கொத்தமல்லி, புதினா ஆகியவற்றுக்கு இரண்டு பாத்தி.

மண்ணைப் பற்றி ஐயம் இருப்பின் பரிசோதனைக்கு அனுப்புதல் வேண்டும். வழக்கமான மண் பரிசோதனை தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து முதலியவற்றையே தெரிவிக்கும். ஈயம் போன்ற உலோகங்களுக்குத் தனியே கேட்டுச் சோதிக்க வேண்டும். அது இயலாதபோது, நல்ல இடத்து மண்ணும் மக்கிய தொழுவுரமும் கலந்து சாக்கிலும் தொட்டியிலும் வளர்ப்பதே பாதுகாப்பான வழி.

உலர்த்தும் முறை

மூலிகை கெடுவது பெரும்பாலும் உலர்த்துவதில்தான். இலைகளையும் பூக்களையும் பனி நீங்கிய காலைப்பொழுதில் பறித்து, நல்ல நீரில் அலசி, நிழலில் துணிமேல் மெல்லிய படலமாகப் பரப்ப வேண்டும். கடும் வெயிலில் வைத்தால் மணம் போய்விடும். கிழங்குகளையும் பயற்றையும் வெயிலில் காய வைக்கலாம். கையில் எடுத்து நொறுக்கினால் இலை சலசலவென்று பொடிய வேண்டும். வளைந்தால் ஈரம் இருக்கிறது என்பது பொருள்.

ஓசூர்ப் பகுதியில் ஆவணி முதல் ஐப்பசி வரை மழையும் ஈரக் காற்றும் மிகுதி. அக்காலத்தில் பறிப்பதைத் தவிர்த்து, மாசி முதல் சித்திரை வரை ஓராண்டுக்கு வேண்டியதை உலர்த்தி வைப்பது உத்தமம். பூஞ்சாணம் பூத்ததை மீண்டும் காய வைத்துப் பயன்படுத்தலாகாது. அதை எருக்குழியில் சேர்த்துவிட வேண்டும்.

குளியல் மாவு

நலங்கு மாவு என்று நம் வீடுகளில் வழங்குவது இது. பச்சைப்பயறு 500 கிராம், உலர்ந்த ஆவாரம்பூ 50 கிராம், கஸ்தூரி மஞ்சள் 50 கிராம், கோரைக்கிழங்கு 50 கிராம், வெட்டிவேர் 25 கிராம், உலர்ந்த பன்னீர் ரோஜா இதழ் 25 கிராம், மரிக்கொழுந்து ஒரு கைப்பிடி. வெட்டிவேரைச் சிறு துண்டுகளாக நறுக்கிய பின், எல்லாவற்றையும் காயவைத்து மாவு அரவை இயந்திரத்தில் அரைத்து, மெல்லிய துணியில் சலித்துக் கொள்ளவும். சலித்த கப்பி குழந்தைகளின் தோலைக் கீறும். அதைச் சேர்க்க வேண்டாம். கஸ்தூரி மஞ்சள் என்ற பெயரில் வேறு கிழங்குத் தூளும் கடைகளில் விற்கப்படுவதுண்டு. ஆதலால்தான் பத்துத் துண்டு நடுமாறு சொன்னோம்.

ஒருவர் ஒருமுறை குளிக்க இரண்டு மேசைக்கரண்டி மாவு போதும். முதன்முறை உபயோகிப்போர், முழங்கையின் உட்புறத்தில் சிறிதளவு தடவி ஒரு நாள் பொறுத்துப் பார்க்க வேண்டும். அரிப்போ சிவப்போ தோன்றினால் விட்டுவிட வேண்டும். பச்சைக் குழந்தைகளுக்கு மருத்துவரையோ கிராம சுகாதாரச் செவிலியரையோ கேட்காமல் எதையும் தேய்க்கலாகாது.

தலைக்கு: சீயக்காய் 500 கிராம், வெந்தயம் 100 கிராம், பச்சைப்பயறு 100 கிராம், உலர்ந்த செம்பருத்தி இலை 50 கிராம், கறிவேப்பிலை 25 கிராம். சீயக்காயிலுள்ள சபோனின் என்னும் பொருளே நுரையைத் தந்து எண்ணெயை அகற்றுகிறது. அது கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். உடனே நிறைய நீர்விட்டுக் கழுவ வேண்டும். வெந்நீரில் முன்னிரவே கரைத்து, காலையில் வடிகட்டித் தெளிவை மட்டும் தேய்த்தால் கண்ணுக்கும் நல்லது, தலையில் கப்பியும் தங்காது. வேலைக்குச் செல்வோருக்கு நேரமும் மிச்சமாகும்.

உடல் அலுப்புக்கு நொச்சி இலையையோ வேப்பிலையையோ கொதிக்க வைத்து, அந்நீரைத் தண்ணீரோடு விளாவிக் குளிப்பது பழைய வழக்கம். இது இதமளிக்கும்; ஆனால் நோய்க்குச் சிகிச்சை ஆகாது. காய்ச்சலோ தோல் புண்ணோ நீடித்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்வதே முறை. கொதிக்கும் பாத்திரத்தைக் குழந்தைகள் இருக்கும் இடத்தில் தரையில் வைப்பதால் நேரும் தீக்காயங்கள் மிகக் கொடியவை என்பதை மறவாதீர்.

கேழ்வரகு ரொட்டியும் மணல் சட்டிப் பிஸ்கட்டும்

கேழ்வரகு நம் மண்ணின் தானியம். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. அதே அளவு அரிசியில் 10 மில்லிகிராம் அளவே உண்டு. காவேரிப்பட்டணத்துக்கு அருகே பையூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் கேழ்வரகில் நல்ல இரகங்களை அளித்திருக்கிறது. ஐக்கிய நாடுகள் சபை 2023ஆம் ஆண்டைச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. ஊர் ஊராகப் போற்றப்படும் தானியம் விளைந்த வீட்டில் உண்ணப்படாமற்போவது முறையாகுமா?

ரொட்டி: கேழ்வரகு மாவு 250 கிராம், நறுக்கிய சதகுப்பைக் கீரை அல்லது முருங்கைக் கீரை இரண்டு கைப்பிடி, வெங்காயம் ஒன்று, பச்சை மிளகாய் இரண்டு, தேங்காய்த் துருவல் சிறிது, உப்பு. கோதுமையில் உள்ள பசைப்புரதம் கேழ்வரகில் இல்லை. ஆதலால் குளிர்ந்த நீரில் பிசைந்தால் ரொட்டி உடையும். கொதிநீரைச் சிறிது சிறிதாக விட்டுக் கரண்டியால் கிளறி, கை பொறுக்கும் சூட்டில் பிசைந்து, வாழையிலையில் தட்டி, காய்ந்த தோசைக்கல்லில் போட வேண்டும். நடுவில் மூன்று துளையிட்டு ஒவ்வொன்றிலும் சில துளி எண்ணெய் விட்டு மூடி வைத்தால் உள்ளும் வேகும்.

பிஸ்கட்: கேழ்வரகு மாவு 150 கிராம், கோதுமை மாவு 100 கிராம், வெண்ணெய் 100 கிராம், பொடித்த வெல்லம் 40 கிராம், தயிர் இரண்டு மேசைக்கரண்டி, உப்பு ஒரு தேக்கரண்டி, ஓமம் ஒரு தேக்கரண்டி, நிழலில் உலர்த்திப் பொடித்த கறிவேப்பிலை இரண்டு தேக்கரண்டி, பேக்கிங் பவுடர் அரைத் தேக்கரண்டி. கேழ்வரகு மாவை முதலில் மணம் வரும்வரை வறுத்து ஆற விடவும். வெண்ணெயை மாவுடன் பிசிறி, மற்றவற்றைச் சேர்த்து, தயிரால் பிசைந்து, அரை அங்குலத்துக்கும் குறைந்த கனத்தில் வில்லைகளாக வெட்டவும்.

மின்சார அடுப்பு இல்லாத வீட்டில், அடிகனத்த இரும்புச் சட்டியில் இரண்டு அங்குல உயரத்துக்கு அலசிக் காயவைத்த ஆற்று மணலைப் பரப்பி, அதன்மேல் ஒரு வளையமும் தட்டும் வைத்து மூடி, சுமார் 15 நிமிடம் காய வைத்த பின் வில்லைகளை உள்ளே வைக்கலாம். மிதமான தீயில் ஏறத்தாழ 25 நிமிடத்தில் வெந்துவிடும். ஓரம் சிவந்து, ஓமமும் கறிவேப்பிலையும் மணக்கும்போது இறக்கி, முற்றும் ஆறிய பின்னரே டப்பாவில் அடைக்க வேண்டும். சூட்டோடு அடைத்தால் நமுத்துப்போகும். பச்சை இலையைச் சேர்த்தால் ஈரத்தால் விரைவில் கெடும். நாள்பட வைப்பதற்கு உலர்ந்த இலையே ஏற்றது. இரவுப் பணிக்குச் செல்வோரின் பையில் இது நல்ல துணையாகும்.

குளியல் மூலிகை வேறு, உணவு மூலிகை வேறு

குளியலுக்கு உகந்தது எல்லாம் உணவுக்கு உகந்தது அன்று. நொச்சி, வெட்டிவேர், கோரைக்கிழங்கு, மரிக்கொழுந்து, சீயக்காய் ஆகியவற்றை ரொட்டியிலோ பிஸ்கட்டிலோ சேர்க்கலாகாது. வேப்பெண்ணெயை உட்கொண்ட சிறு குழந்தைகளுக்கு உயிர்க்கேடு நேர்ந்திருக்கிறது. இரு வகைப் பொருள்களையும் வெவ்வேறு அலமாரியில், பெயரும் உலர்த்திய மாதமும் எழுதிய கண்ணாடிப் புட்டிகளில் வைக்க வேண்டும். அரைக்கும் இயந்திரத்தில் முதலில் உணவு மாவை அரைத்து, பின்னர் குளியல் மாவை அரைப்பது நன்று.

குளித்த நீர் செல்லும் வழி

பயற்று மாவில் குளித்த நீரைக் கூழாங்கல்லும் மணலும் நிரப்பிய சிறு பள்ளத்தின் வழியே விட்டு, வெட்டிவேர், வாழை, கல்வாழை ஆகியவற்றின் வேருக்குப் பாய்ச்சலாம். கீரைப் பாத்திக்கு மட்டும் கிணற்று நீரையோ குழாய் நீரையோ விட வேண்டும். குளித்த நீரில் உடல் அழுக்கும் கிருமிகளும் இருக்கும். இயற்கையான பொருள் என்பதாலேயே சீயக்காய்க் கழிநீர் தீங்கற்றது என்று கருதிக் குளத்தில் கலக்கவும் கூடாது. சபோனின் மீன்களுக்கு நஞ்சு. மண்ணில் விட்டால் அது சிதைந்துவிடும்.

கெலவரப்பள்ளியின் நுரையை நம் வீட்டுக் குளியலறை நிறுத்திவிடாது. அதற்கு மேலே உள்ள நகரமும் ஆலைகளும் கழிவைச் சுத்திகரிக்க வேண்டும். எனினும் ஒவ்வொரு சிற்றூரும் தன் ஏரிக்குச் செல்லும் வாய்க்காலையாவது தூய்மையாக வைத்திருந்தால்தான், மேலே உள்ளோரிடம் நியாயம் கேட்கும் தகுதி நமக்கு உண்டாகும்.

விற்பனைக்கு முன்

இன்று கிருஷ்ணகிரியை உள்ளடக்கியிருந்த பழைய தர்மபுரி மாவட்டத்தில்தான், 1989ஆம் ஆண்டில், பன்னாட்டு வேளாண்மை மேம்பாட்டு நிதியத்தின் உதவியுடன் தமிழ்நாட்டின் மகளிர் சுயஉதவிக் குழு முயற்சி தொடங்கிற்று. ஆகையால் குழுவாகச் சேர்ந்து உற்பத்தி செய்வது நம் சகோதரிகளுக்குப் புதிதன்று. ஆனால் வீட்டுக்குச் செய்வது வேறு, விற்பது வேறு. பிஸ்கட் விற்போர் 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பதிவோ உரிமமோ பெற வேண்டும். குளியல் மாவும் சீயக்காய்த் தூளும் விற்பனைக்கு வரும்போது அழகுப் பொருள்களாகக் கருதப்படும். 1940ஆம் ஆண்டின் மருந்து, அழகுப் பொருள்கள் சட்டத்தின் கீழ் உற்பத்தி உரிமம் தேவை. 'இந்நோய் தீரும்' என்று உறையில் அச்சிட்டாலோ, அது மருந்தாகிவிடும். அதற்குரிய விதிகள் இன்னும் கடுமையானவை. முதல் ஓராண்டு வீட்டு உபயோகத்துக்கு மட்டும் செய்து பழகிய பின், உரிய அலுவலகத்தை அணுகி விற்பனையில் இறங்குவது விவேகம்.

ஊராட்சி செய்யத்தக்கவை

பள்ளி வளாகத்திலோ, அங்கன்வாடியிலோ, ஊராட்சி அலுவலக முன்றிலிலோ ஒரு தாய்ச் செடித் தோட்டம் அமைத்து, மூன்று மொழிகளிலும் பெயர்ப் பலகை வைக்கலாம். அங்கிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் நாற்றும் போத்தும் வழங்கலாம். ஊரில் எந்தெந்த இடத்து இலை பறிக்கத் தகாதது என்று மூத்தோரும் இளைஞரும் நடந்து பார்த்து ஒரு பட்டியல் எழுதி, கிராம சபையில் படிக்கலாம். இதற்குப் பெரும் பணம் வேண்டுவதில்லை.

கிராம சபையிலும் குழுக் கூட்டங்களிலும் ஆராயத்தக்க வினாக்கள்:

1. சென்ற மாதம் நம் வீட்டில் சோப்பு, ஷாம்பு, பிஸ்கட் ஆகியவற்றுக்குச் செலவான தொகை எவ்வளவு? அதில் எவ்வளவு வீட்டிலேயே உற்பத்தி செய்யத்தக்கது?

2. நம் ஊரில் கழிவுநீர் எந்த வாய்க்கால் வழியே எந்த ஏரிக்குச் செல்கிறது? அதன் கரையில் யார் கீரை பறிக்கின்றனர்?

3. நாம் மூலிகை என்று கருதும் செடிகளில், ஐயமின்றி அடையாளம் காட்டக்கூடியவை எத்தனை?

4. நம் குளியலறை நீர் இப்போது எங்கே தேங்குகிறது? அங்கு ஆறு தூர் வெட்டிவேர் நட யார் முன்வருவார்?

இவற்றுள் இரண்டாம் வினாவுக்கு விடை கண்ட ஊர், மற்ற மூன்றையும் எளிதில் செய்து முடிக்கும்.